அவசரம் என்ற ஒரு சொல்

செய்தியைச் சொன்னவர் தச்சர் சுப்பராயுடு. புத்தலப்பட்டிலிருந்து போன் செய்து, "மேடம் இக லேரு சார்" என்றார். கோமதி மேடம் இனி இல்லை; திருப்பதி ஆஸ்பத்திரியில் காலையில் உயிர் பிரிந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே மாடிப்படிதான் ஞாபகம் வந்திருக்கும்.

பொறியாளர் கோமதியை நம்மில் பலர் கோபக்காரி என்பார்கள். உண்மைதான். மரப்படிக்கு வரைபடம் போட்டால் ஆணிக்குக்கூட இடம் குறித்துத் தருவார். "படி ஏறுறவன் கீழ பாக்கமாட்டான், நாமதான் பாக்கணும்" என்பார். நான் அவருடைய சைட் மேற்பார்வையாளன்.

நகரியில் விசைத்தறி வைத்திருந்த ஒருவரின் வீடு. நீளமான தேக்குப் படி. பக்கச் சட்டங்கள் வளையாமலிருக்க நடுவில் ஒரு கம்பம் வேண்டும். டைல்ஸ் பதித்தபின் அதை நிறுத்தலாம், அதுவரை முட்டுக்கட்டை தாங்கும் என்பது ஏற்பாடு. "கம்பம் இப்ப அவசரம் இல்ல" என்றார் கோமதி. நான் சுப்பராயுடுவிடம் போய், "கம்பம் அவசரம் லேது" என்றேன். தமிழில் அதற்கு ‘மெதுவாகச் செய்யலாம்’ என்று பொருள்; தெலுங்கில் ‘தேவையே இல்லை’ என்று பொருள். இரண்டு மொழியும் பேசி வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. நாங்கள் சித்தூர் வேலைக்குப் போய்விட்டோம். டைல்ஸ் போட்டதும் சுப்பராயுடு முட்டுக்கட்டையையும் எடுத்துவிட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று நாங்கள் நுழைந்தபோது, போட்டோவுக்காகப் படி முழுக்க ஆட்கள். கோமதி குனிந்து பார்த்தார். கம்பம் இல்லை, சட்டம் நடுவில் தொய்ந்திருந்தது. கத்தினால் எல்லோரும் தடதடவென்று இறங்குவார்கள், அத்தோடு முடிந்தது. "இல போட்டாச்சு, நின்னுக்கினே இருந்தா எப்பிடி? ஒவ்வொருத்தரா மெதுவா வாங்க" என்றார் சிரித்தபடி. என்னிடம், "சவுக்குக் கட்ட எடுத்தா. ஓடாத" என்றார். கடைசியாக ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, நடுப்படியில் நின்று புடவையைச் சரிசெய்தாள். மரம் முனகியது. நான் சவுக்குக் கட்டையைச் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். அவள் இறங்கினாள்.

"யாரு கம்பம் வாணாம்னது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சுப்பராயுடு என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் கோமதி.

திரும்பும்போது காரில் என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு, "உன்னச் சொன்னா உனுக்கு வேல போயிடும். எனுக்குப் பேருதானே போவுது" என்றார். போயிற்று. நகரியில் அதன்பின் அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை.

நேற்று சாவு வீட்டிலும் ஒருவர் கேட்டார்: "நகரியில கம்பம் வெக்காத விட்டாங்களே, அந்த மேடமா?" அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தப்பு என்னுடையது. அவரிடமிருந்து வாங்கி இத்தனை காலம் நான் வைத்துக்கொண்டிருந்தது அவருடைய நல்ல பெயரைத்தான். திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.