மலையிறங்கப் பழக்கிய அண்ணன்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுப்பார். கட்டைவிரல் நகத்தால் தோலில் ஒரு கீறல் போட்டு, அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடுவார். "சும்மா சும்மா மோந்துகிட்டே இருக்காத கண்ணு. வயித்தப் பெரட்டும்போது மட்டும் மோந்து பாரு. இல்லாட்டி அதுவும் பழகிப்போயிரும்" என்பார். மிளகு பறித்தும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கியும் கறுத்துப்போன நகம் அது. அதன் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு பட்டு மின்னும். அந்த வாசனையோடுதான் நான் முதன்முதலாக எங்கள் கொல்லிமலையை விட்டு வேலைக்குப் போகத் தயாரானேன்.

நினைவு எழுதுவதென்றால் இறந்துபோனவர்களைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று இல்லை என நினைக்கிறேன். அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். இதை எழுதும்போதுகூட வாசலில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் இப்போது இல்லை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் மலைக்கு வந்து போனவர்களுக்கு அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலையிலேயே பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என்னை அது விட்டுவைத்ததில்லை. சிறு பெண்ணாக இருந்தபோது அம்மாவின் வைத்தியத்துக்காக எல்லோரும் நாமக்கல் போனோம். பாதி வளைவுகூட இறங்கியிருக்கமாட்டோம், பக்கத்துச் சீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டேன். அவர் எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அம்மா முந்தானையால் அவர் வேட்டியைத் துடைத்தாள். அதற்குப் பிறகு நான் மலையை விட்டு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் மலையிலேயே இருந்தது, பத்தாவதோடு நின்றுவிட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு மூன்று பேரும் கீழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் முன்னால் வாய் திறக்கவும் எனக்கு வரவில்லை. கல்யாணம் அப்படியே தள்ளித் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சை எடுப்பாரும் இல்லாமல் போயிற்று.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எங்கள் வீடு தேவனூர் நாட்டில், தார் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில் அப்பா தனியாக ஓர் அறை கட்டினார். ஜன்னலைத் திறந்தால் சவுக்கு மரங்களும் அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடியும் தெரியும். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டு, "அந்த ரூமு புள்ளைக்கு. இருக்கற வரைக்கும் அவ இருந்துக்கட்டும்" என்றார். அண்ணன், "இதச் சொல்லோணுங்களாப்பா" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்த அறை ஒன்றுதான். ஜன்னல் திட்டில் என் சீப்பு, கண்ணாடி, ஹேர்பின் டப்பா. கதவுக்குப் பின்னால் ஆணியில் என் சேலைகள்.

முப்பது வயது தாண்டிப் பல வருடங்கள் ஆன பிறகு எனக்கு அந்த வேலை வந்தது. மலையடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் ஹைதராபாத்தில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். நம் பக்கத்துச் சமையல் தெரிந்த பெண் வேண்டும், தங்க இடம் தருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணன் என்னிடம் வந்து சொன்னபோது நான் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "அவ்வளவு தூரம் பஸ்ஸுலயா" என்றேன். வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. உண்மையில் வேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை. என் கையால் சமைத்ததை யாரோ காசு கொடுத்துச் சாப்பிடப்போகிறார்கள் என்பது உள்ளுக்குள் இனித்தது. அண்ணன் சிரித்தார். "வாந்திக்குப் பயந்துகிட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்தா ஆகுமா? நான் பழக்கியுடறேன் வா" என்றார்.

சொன்னபடியே செய்தார். முதலில் செம்மேட்டில் பஸ் ஏறிச் சோளக்காடு வரை போய்த் திரும்பினோம். அது மலைமேலேயே ஓடுகிற ரோடு, கொண்டை ஊசி வளைவே கிடையாது. பிறகு சில வளைவுகள் மட்டும் இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்து, மேலே வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி வீட்டுக்கு வந்தோம். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கீழே. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காரவேண்டும், பக்கவாட்டில் பார்க்கக்கூடாது, வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் உடம்பைக் கொடுத்துவிடவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். காலையில் பொரி தவிர வேறெதுவும் தின்னவிடமாட்டார். வாந்தி எடுத்தால் பையை அவரே பிடிப்பார், அவரே எறிவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பஸ்ஸின் கண்டக்டருக்கு நாங்கள் நல்ல வேடிக்கை. "ஏனுங்கண்ணா, தங்கச்சிய டிரைவர் வேலைக்கா பழக்கறீங்க? இந்த வளவுல எறங்கி அந்த வளவுல ஏறறீங்களே?" என்று கேட்பார். அண்ணன் விடமாட்டார். "ஆமாங்க, உங்க டிரைவர் ரிட்டயர் ஆவட்டும்னு பாத்துகிட்டிருக்கறோம்" என்பார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "நாஞ் செத்தாத்தான் இந்த ஸ்டேரிங்க உடுவேன்னு சொல்லுங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் வெட்கத்தில் எலுமிச்சம்பழத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். யாரோ என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது அந்த நாட்களில்தான்.

ஒவ்வொரு முறை நாங்கள் திரும்பி வரும்போதும் என் அறையில் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒரு நாள் பழைய ஜன்னலைப் பிடுங்கிவிட்டுப் பெரிய ஜன்னல் வைத்திருந்தார்கள். இன்னொரு நாள் பின்பக்கத்தில் குளியலறைக்குச் சுவர் எழும்பியிருந்தது. என் சேலைகளை எடுத்து ஒரு மூட்டையாகக் கட்டி உள் வீட்டில் வைத்திருந்தார் அண்ணி. "சுண்ணாம்பு பட்டு வீணாப் போயிருமுன்னு எடுத்து வெச்சனம்மிணி. நீ ஊருக்குப் போறதுக்குள்ள ஊட்ட ஒரு நேர்த்தி பண்ணிப்போடலாம்னு உங்கண்ணன் சொன்னாரு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டுப் போகப்போகிறவளுக்கு இவ்வளவு செய்கிறார்களே, பொங்கலுக்கு வந்தால் புது அறையில் படுப்பேனே என்று நினைத்தேன். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அண்ணன் கேட்டார், "உனக்கு என்ன கலரு புடிக்கும் கண்ணு?" தினைப் பயிர் முளைத்து வருகிறபோது இருக்குமே, அந்தப் பச்சை என்றேன். அதே பச்சையைத்தான் அடித்தார்கள். கடையில் அந்த நிறம் கிடைக்காமல் இரண்டு டப்பாவைக் கலந்து கொண்டுவந்ததாக அண்ணி பிறகு சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் காரவள்ளி வரைக்கும், மலையடிவாரம் வரைக்கும், நான் வாந்தி எடுக்காமல் இறங்கினேன். கையில் இருந்த பழத்தை ஒரு முறைகூட மோந்து பார்க்கவில்லை. கடைசி வளைவு முடிந்து பஸ் நேரான ரோட்டில் ஓடியதும் அண்ணன் எழுந்து நின்று, "எந்தங்கச்சி எறங்கிட்டாங்க!" என்று கத்தினார். தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். டீக்கடையில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் வேறு ஏதாவது இருந்ததா என்று தேடியிருக்கிறேன். சந்தோஷம் மட்டும்தான் தெரிகிறது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

சேலத்தில் என்னை ஏற்றிவிட்டபோதும் ஒரு பழம் கொடுத்தார். ஹைதராபாத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பாஷை தெரியாததால் பேசவேண்டிய தேவையும் இல்லை, அது எனக்கு வசதியாகவே இருந்தது. நம் ஊர்ப் பையன்கள் என் ரசத்துக்காகக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்குப் போன் செய்தால் அண்ணன் முதலில், "வவுறு எப்பிடி இருக்குது?" என்றுதான் கேட்பார். பொங்கலுக்கு வரட்டுமா என்றபோது மட்டும், "கூட்டத்துல எதுக்கு அலையறே, அப்பறமா வா" என்றார். என் வயிற்றை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வருடம் நிறைவதற்குள் கட்டடத்தின் சொந்தக்காரர் மெஸ் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெஸ்காரர் வேறு இடம் தேடினார், கிடைக்கவில்லை. வேலை செய்தவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த அன்று எழுபது வளைவும் தனியாக ஏறினேன். தலைகூடச் சுற்றவில்லை. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். வாசலில் ஒரு கார் நின்றது. சுவரில் 'ஹோம் ஸ்டே' என்று புது போர்டு. என் அறையின் பெரிய ஜன்னலில் யாருடைய துணிகளோ காய்ந்தன. உள்ளே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்த குழந்தை என்னைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றது. அண்ணன் ஓடி வந்தார். என் பையை வாங்கினார். "ஈரோட்டுக்காரங்க, முன்னயே புக்கிங் பண்ணிட்டாங்க. ரெண்டு நாளைக்கு அடுப்படிக்கிட்டப் படுத்துக்க கண்ணு" என்றார். வாந்தி வராததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. ஈரோட்டுக்காரர்கள் போனால் திருச்சிக்காரர்கள், அவர்கள் போனால் வேறு யாரோ. அறை காலியாக இருக்கிற நாளில், "இன்னைக்கு அங்க படுத்துக்கட்டுங்களா" என்று ஒரு தடவை கேட்டேன். அண்ணிதான் பதில் சொன்னார், "பெட்ஷீட் தொவச்சு விரிச்சாச்சே அம்மிணி, மறுபடி கசங்கிரும்." அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த பெட்ஷீட்டைத் துவைத்து விரித்தவளே நான்தான். அவர்களுக்குச் சமைப்பதும் நான்தான். நாட்டுக்கோழிக் குழம்பையும் சாமைச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு என் கையைப் பாராட்டாத விருந்தாளி குறைவு. எனக்குச் சோறும் துணியும் குறைவில்லாமல் கிடைக்கிறது. யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடிந்து பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேனோ என்னவோ.

நான் ஊருக்குப் போகிறேன் என்பதால் அறையை மாற்றினார்களா, அறை வேண்டும் என்பதால் என்னைப் பஸ்ஸுக்குப் பழக்கினார்களா என்பதைத்தான் இன்றுவரை கேட்கவில்லை. தினமும் காலையில் டீ கொடுக்கும்போது கேட்டுவிடலாம். இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அந்தப் பஸ் பயணங்களை நான் இழந்துவிடுவேன் என்று பயம். ஒரு பதில் வந்தால் அவர் பொய்யராகிவிடுவார். இன்னொரு பதில் வந்தால், நல்ல மனதோடு பழக்கிவிட்ட அதே மனிதர்தான் பிறகு நல்ல மனதோடு என்னை அடுப்படியில் படுக்கவைத்திருக்கிறார் என்றாகிவிடும். எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு பெண்மணி கணவருடன் வந்தார். வாசலூர்பட்டி ஏரியில் படகு விடுவதைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பி வந்தவர், காரை விட்டு இறங்கியதுமே வாசலில் துணி காயப்போடும் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் அடுப்படிக்கு ஓடி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்தேன். கட்டைவிரல் நகத்தால் கீறி அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். கை தானாகவே அப்படிச் செய்தது. "சும்மா சும்மா மோந்துகிட்டே இருக்காதீங்க" என்றேன். நான் விருந்தாளிகளிடம் வாயைத் திறந்து பேசியதே அபூர்வம்.

சாயங்காலம் அவர் தெளிந்து வெளியே வந்து உட்கார்ந்தார். "ரூம் அவ்வளவு அழகா இருக்குங்க. இந்தப் பச்சை எங்கயுமே பாத்ததில்ல. யாரு செலக்ட் பண்ணது?" என்று கேட்டார். அண்ணன் பின்னாலிருந்து, "எந்தங்கச்சிதாங்க!" என்றார். பஸ்ஸில் கத்திய அதே குரல், அதே பெருமை. அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். இப்போது கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "ஏனுங்கண்ணா" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"என்ன கண்ணு?" என்றவர், நான் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள், "ஆமா, அந்த ரூமுக்கு இன்னொரு தலகாணி வேணுமாம். கொண்டுபோய் வெச்சுரு சாமி" என்றார்.

தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தம்மாவின் கணவர் உள்ளே இருந்ததால் கதவைத் தட்டிவிட்டு நின்றேன். "வாங்க" என்றார். கட்டிலில் தலையணையை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தேன். முன்பு என் சீப்பு இருந்த இடத்தில் அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. கீறல் காய்ந்து பழுப்பாகியிருந்தது. வாசனை போய்விட்டது. "அதைத் தூக்கிப் போட்டுடலாங்க, இனி வேணாம்" என்றார் அவர். எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.