பதினேழாம் தேதி எங்கள் வீடு

அக்டோபர் பிறந்தால் எங்கள் தெருவில் மாதா வீடு வீடாகப் போவாள். முழங்கை உயரச் சுரூபம், நீலச் சால்வை. சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை, அப்புறம் சுண்டல். மறுநாள் சாயங்காலம்வரை அங்கேயே தங்குவாள். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம். எந்தத் தேதியில் எந்த வீடு என்று அன்பியத்தில் தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். அன்பியம் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் தெருக் கிறிஸ்தவர்களின் கூட்டம்.

சுனாமிக்கு மறு வருஷம் வந்த தாளில் எங்கள் வீடு இல்லை.

பதினாறாம் தேதி பக்கத்து வீடு. எங்கள் வரிசையில் நாங்கள்தான் கடைசி, ஆகவே பதினேழு எங்களுடையதாக இருக்கவேண்டும். ஆனால் அந்தத் தேதிக்கு நேரே எதிர்வரிசையின் முதல் வீடு, தெருவின் அந்தக் கோடியில். மாதா எங்கள் வாசலை மிதிக்காமல் திரும்பிப் போகப்போகிறாள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கள் பிள்ளை இறந்து பிறந்தது. அதன் பிறகு என் மனைவி தூங்கவில்லை. தூங்காதவள் பேச ஆரம்பித்தாள், பேசினவள் கத்த ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்று, "எம்புள்ள எங்க?" என்று பீடத்தைப் பார்த்துக் கேட்டாள். பேய் என்றார்கள். ஏதாவது அந்தோணியார் கோயிலில் கட்டிப்போடச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையில் கத்தல் பாதி அடங்கியது, கை மட்டும் நடுங்க ஆரம்பித்தது.

அந்த நாட்களில் நான் செய்தது ஜெபமா சண்டையா, எனக்கே தெரியாது. லாஸ்பேட்டை ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் ஆண்டவரோடு வாய்ச்சண்டை. நீர்தான் எடுத்தீர். எடுத்துக்கொள்ளும். ஆனால் நான் வேறு சாமியிடம் போவேன் என்று மட்டும் நினைக்காதீர், உம் வாசலிலேயே நின்று உம்மையே திட்டுவேன். திட்டத் திட்ட முதுகு நிமிரும். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஒரு நாளைத் தாங்குகிற அளவுக்குத் தெம்பு இருக்கும். அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. விசுவாசம் என்றுதான் வைத்திருக்கிறேன்.

தாளை எடுத்துக்கொண்டு அன்பியத் தலைவி வீட்டுக்குப் போனேன். ரிட்டையரான டீச்சர், தெருவுக்கே அக்கா.

"எங்க வீடு எங்கக்கா?"

"தம்பி, ஒனக்கு செரமம் வேணாம்னுதான்... ஆபீசும் ஆஸ்பத்திரியுமா அலையிற. சுண்டல் யாரு செய்வா?"

"நான் செய்வேன்."

"அதுக்கில்லடா. அவ திடீர்னு மாதாவ எதனா பண்ணிட்டான்னா?"

"புள்ளைய பறிகுடுத்தவ வீட்டுக்கு வராம அந்தம்மா வேற எங்கக்கா போவப்போறா? சுண்டல் நல்லாருக்கிற வீட்டுக்கா?"

"வாய்க்கொழுப்புடா ஒனக்கு." பேனாவைத் தேடினார். "எல்லாத்தையும் ஒரு நாள் தள்ளணும். முப்பத்தொண்ணாம் தேதி வீட்டுக்காரிக்கு நீயே பதில் சொல்லு."

"நவம்பர் ஒண்ணாம் தேதின்னா மாதா வரமாட்டாளா?"

பதினேழாம் தேதி பெரிய மார்க்கெட்டில் கதம்பம் வாங்கிவந்தேன். கடலை குழைந்துவிட்டது. கூட்டம் வந்தது, பாதிப் பேர் செருப்பைக் கழற்றாமல் கேட்டருகிலேயே நின்றார்கள். ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைத் தொடங்கியதும் என் மனைவி உள்ளறையிலிருந்து வந்தாள்.

"எழுந்து போங்க எல்லாரும். எம்புள்ளைய எடுத்துக்கினு இப்ப ஜெபம் வேற!"

ஜெபமாலையில் முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை எல்லோரும் சொல்லவேண்டும். அக்கா முன்பாதியைச் சொல்லி முடித்தார். இருபது பேர் இருக்கிற அறையில் ஒரு குரல்கூட இல்லை. நான் சொன்னேன். பின்பாதி முழுவதையும், தெருமுனைவரை கேட்கிற மாதிரி, கடன்காரனைக் கூப்பிடுகிற குரலில். மாலையின் அடுத்த மணிக்கு அக்காவின் வாயும் அடைத்துக்கொண்டது. முன்பாதியையும் நானே சொன்னேன். மூன்றாவது மணியில் ஒரு கட்டைக்குரல் கூடச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர், எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தத் தேதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தது அவர் வீடுதான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

என் மனைவி ஜெபம் சொல்லவில்லை. சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் முகவாயை வைத்து உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டே இருந்தாள். சுண்டல் மட்டும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

"உப்பு பத்தல," என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன வார்த்தை.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. சுரூபத்தைச் சொல்தா வீட்டுக்குக் கொண்டுபோகக் கூட்டம் வாசலில் நின்றது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவள் அதைத் தூக்கிவிட்டிருந்தாள். கை நடுங்குகிறது, சால்வை நுனி நடுங்குகிறது.

"வாங்கிடு தம்பி," என்றார் அக்கா என் காதருகே. "ஒடைச்சிடுவாடா."

"ஒடைஞ்சா சுண்ணாம்புதாங்க்கா ஒடையும். மாதா ஒடைய மாட்டா."

சத்தமாகவே சொன்னேன். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். தெருவெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கால் தடுமாறும்போது இருபது பேர் மூச்சைப் பிடித்தோம். சொல்தா பின்னாலேயே வந்தார். "தூஸ்மான், தூஸ்மான்... மெதுவாம்மா, மெதுவா."

பாதி வழியில் நின்றாள். விழப்போகிறது என்று நான் ஓடினேன். அவள் சுரூபத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைத்துக்கொள்கிற இடத்தில். அங்கே நடுக்கம் நின்றுபோயிற்று.

"மாதாவ இப்டியா தூக்குவாங்க?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் பாட ஆரம்பித்தேன். எனக்குச் சுருதி கிடையாது, கோயிலில் வாயசைப்பதோடு சரி. அன்று தொண்டை கிழியப் பாடினேன், முணுமுணுப்பை மூடுவதற்கு. அவள் அதற்குள் மறுபடி நடந்துகொண்டிருந்தாள், எங்களுக்கெல்லாம் முன்னால், திரும்பிப் பார்க்காமல். சொல்தா வீட்டுக்காரம்மா வாசலில் இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போய்ப் பூப்போட்ட மேஜைமேல் தானே வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"மேல ஃபேன் சுத்துது," என்றாள். "மெழுகுவத்தி அணைஞ்சிடும். நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.