மூன்று கொழுக்கிகள்

மெல்பேர்ன் புறநகரான வெரிபீயில் இருக்கிற எங்கள் வீட்டில் முட்டை அவிக்கிற மணம் எழும்பினால், அம்மா நேர்ஸாக வேலை செய்த அந்த ஆஸ்திரேலிய உள்நாட்டுக் கிராமத்தின், அதே கந்தக மணம் அடிக்கிற ஆழ்கிணற்றுத் தண்ணிதான் ஞாபகம் வரும். அதிலே தோய்த்துத் தோய்த்து மஞ்சளாகிப்போன வெள்ளைச் சட்டைகளோடு நானும் தங்கச்சிமார் இரண்டு பேரும், கோதுமைத் தூசி பறக்கிற ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். எங்களோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள்.

மெல்பேர்னுக்கு வெளிக்கிட்ட அன்று, 'போறம்' என்று சொல்லக்கூடாதென்பதால், 'போட்டு வாறம்' என்பதை அம்மா ரீச்சரிடம் அப்படியே இங்கிலிஷில் சொன்னா.

"எப்ப வருவீங்கள்?" ரீச்சர் உண்மையாகவே கேட்டா. அம்மா சும்மா சிரித்தா.

மிஞ்சின ஆறு பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்த மாட்டார்கள். அடுத்த வருடம் பூட்டிவிட்டார்கள். டிசம்பரில் அனுப்பிய நத்தார் வாழ்த்து மடலில் ரீச்சர் அதை ஒரு வரியில் எழுதியிருந்தா. புத்தகப்பை மாட்டுகிற, எங்கள் பெயர் ஒட்டிய மூன்று கொழுக்கிகளையும் கழற்றாமல் விட்டிருப்பதாக அடுத்த வரி.