கேட்காமல் வந்த தண்ணீர்

எங்கள் தெரு பாறைமேல் இருக்கிறது. வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரு. அது ஓர் ஆள் உயரம் பள்ளம். இரண்டு தெருவுக்கும் பின்சுவர் ஒன்றுதான். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் திறந்தால் முதலில் பள்ளத் தெருவுக்குப் போகும். எங்கள் குழாயில் காற்று சீறும், பிறகு பஞ்சு நூல் கனத்தில் கொஞ்சம் வடியும், அதோடு சரி.

அதனால் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்து வீடு ஒவ்வொன்றுக்கும் சுவருக்கு மேலே ஒரு மேட்டு வீடு. பள்ளத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தொட்டியை நிரப்பியதும் மோட்டாரில் ஹோஸ் பைப்பை மாட்டிச் சுவருக்கு மேல் எறிவார்கள். சுவரோரம் இருக்கும் மேட்டு வீட்டு டிரம் நிரம்பும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே இருந்தது. அப்போது மோட்டார் இல்லை, குடத்தைச் சுவர்மேல் வைத்துக் கைமாற்றினார்கள். வீடு கைமாறினாலும் வழக்கம் மாறாது. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து காய்கறி வியாபாரத்துக்கு வந்த ஒருவர் மேட்டில் வீடு வாங்கினார். முதல்முறை ஹோஸ் வந்து விழுந்ததும் சுவரை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்கு மாசம் ஏதாச்சும் குடுக்கோணுங்களா?" என்று கேட்டார். இரண்டு தெருவும் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது.

எனக்கு அமைந்த பள்ளத்து வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் வீட்டுக்காரர் தோல் வியாபாரத்தில் இருந்தார். அவர் போன பிறகு மகன்கள் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதன் வழியாக அவள் படியேறி வந்து என் வாசலில் உட்கார்ந்து கடைக்குப் பூண்டு உரிப்பாள். நான் அவளுக்கு அக்கா.

தண்ணீர் எங்களுக்குப் பிற்பகலில் வரும். எந்த நாள் என்பது அதன் இஷ்டம். அந்த நேரம் நான் சிமெண்டுத் தரையில் காதை வைத்துப் படுத்திருப்பேன். மண்ணுக்கடியில் குழாய் மூச்சுவிடுவது முதலில் கேட்கும். அப்புறம் அவள் வீட்டு மோட்டார். அப்புறம் சுவரில் ஹோஸ் வந்து அடிக்கும் சத்தம். டிரம்மில் விழும் தண்ணீர் முதலில் வெறும் சத்தமாக இருக்கும், போகப் போகக் கனக்கும், நிரம்பும்போது மெலிந்து ஒரு முனகலாகிவிடும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் போவேன். ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் கரைந்துகொண்டிருக்கும். கனவில் வடமதுரை ரோட்டு நூல்மில் வரும். பஞ்சுத் தூசி காற்றில் மிதக்கும், எந்த எந்திரமும் சத்தம் போடாது, நான் முப்பது வயசுக்காரியாக நடந்துகொண்டே இருப்பேன். டிரம் நிரம்புகிற நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வேன்.

மில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் புருஷன் தவறிப்போனபோது பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு நாலு. சொந்தக்காரர்கள் மாதா கோயில் வாசல் வரை வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். நான் மில்லுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன், கட்டிக்கொடுத்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவதும் அப்படித்தான், ஓர் எழுத்து வந்த பிறகே அடுத்தது வரும். ஆனால் ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. இது என் பெருமை. இதில் என்ன தப்பு என்று இந்தப் பங்குனி வரைக்கும் எனக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட், கழுத்தில் அட்டை. கணக்கெடுப்பு என்றாள். பள்ளத்து வீட்டுக்காரி அப்போது படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாடு எவ்வளவு வளமா இருக்குன்னு பாக்குறோம் பாட்டி."

"அதுக்கு எங்க வீட்டுக்கு எதுக்கும்மா வந்த? டெல்லிக்குப் போ."

அவள் சிரித்தாள். "பணத்த வச்சு மட்டும் பாக்கக் கூடாதுன்னு இப்ப சொல்றாங்க. சனங்க மனசு எப்படி இருக்கு, ஒருத்தருக்கொருத்தர் எப்படி இருக்காங்க, அதையும் கேட்டுப் பாக்கணுமாம்."

"எங்க அக்கா முகத்தப் பாத்தே எழுதிக்கம்மா," என்றாள் படியில் இருந்தவள். "சிரிச்சா மழை கொட்டிரும்னு அடக்கி வச்சிருக்காக."

வீடு சொந்தமா, ஃபிரிட்ஜ் உண்டா, வண்டி உண்டா, சம்ப் உண்டா, மோட்டார் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். சொன்னேன். பிறகு பத்துப் படி வைத்த ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். மேல்படியில் நல்ல வாழ்க்கையாம். நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்றாள்.

"எனக்கு முட்டி வலி. கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு இருக்கேன்னு போட்டுக்க."

"அக்கா புடிச்சா ஏறுறவன் நடுங்கியே மேல போயிருவான்," என்றாள் பள்ளத்து வீட்டுக்காரி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு நம்பரைத் தட்டினாள். நாங்கள் மூவரும் நல்ல குஷியில் இருந்தோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஒரு கஷ்டம்னா, உதவிக்குன்னு உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா பாட்டி? சொந்தமோ, அக்கம்பக்கமோ?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோயில் வாசலோடு திரும்பிப் போன முகங்களெல்லாம் கண்முன் வந்து நின்றன. "யாரும் இல்ல. இல்லைன்னே போடு. நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல, வாங்குனதுமில்ல."

அவள் விரலால் தட்டினாள். படியில் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது.

"அடுப்புல பாலு வச்சிட்டு வந்துட்டேன்," என்று சொல்லிப் பள்ளத்து வீட்டுக்காரி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சின்னக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். பக்கத்து வீட்டாரை நம்புவீர்களா என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. "நம்பாம?" என்றேன். அடுத்த வாரம் அகரத்தில் வேலை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள்.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. தரையில் காதை வைத்துப் படுத்திருந்தேன். குழாய் மூச்சுவிட்டது. மோட்டார் ஓடியது. நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். மோட்டார் நின்றது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அத்தனை அமைதியாக ஒரு பிற்பகலை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். டிரம்மில் வெறும் வெயில் நிறைந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மருமகள் கேட்டாள்:

"மாமி, மேட்டுக்கு ஓஸ் போடலையா?"

"அவுக யார்கிட்டயும் எதுவும் வாங்குனதில்லையாம். நாம போயி அவுக கவுரவத்தக் கெடுக்கணுமா? சுருட்டி ஆணியில மாட்டு."

காதில் அது விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்போதே கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. முனையில் இருக்கும் அடிபம்பில் குடம் குடமாக அடித்துச் சுமந்தேன். முட்டி இரண்டும் மாவாகிப் போயின. மகனிடம் சொன்னால் லாரித் தண்ணீர் அனுப்பியிருப்பான், சொல்லவில்லை. அடுத்த முறையும் ஹோஸ் வரவில்லை. அவளும் படியேறி வரவில்லை. நான் பேச்சுக்கு ஆள் தேடுகிறவள் இல்லை என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். வெஞ்சனம் வைத்தால் உப்புப் பார்க்க ஆளில்லை. வாசற்படி அத்தனை அகலமானது என்று அந்த நாட்களில்தான் கவனித்தேன்.

பிற்பகலில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, கண் பாதி மூடியும் மூடாமலும் நான் யோசித்தது இதுதான். நான் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லவில்லை. என் மனசில் அந்தத் தண்ணீர் உதவி என்கிற இடத்தில் இருக்கவே இல்லை. கேட்டு வாங்கினால்தானே உதவி? அது கேட்காமல் வந்தது. வெயில் வருவதுபோல, பள்ளிவாசலில் பாங்கும் மாதா கோயிலில் மணியும் காதில் விழுவதுபோல வந்தது. இத்தனை வருஷமும் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு எழுந்து, கையைத் தூக்கி, சுவருக்கு மேலே அதை எறிந்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வைக்காதபடி அவள் எறிந்தாள். அந்தக் கணக்கெடுப்பில் சம்புக்கு ஓர் இடம் இருந்தது, மோட்டாருக்கு ஓர் இடம் இருந்தது. சுவருக்கு மேல் வருவதைச் சொல்ல எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விதான். அதில் போய் இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் அந்தக் கணக்கெடுப்புப் பெண்ணைத் தேடி டவுன்பஸ் ஏறி அகரத்துக்குப் போனேன். பள்ளத்து வீட்டுக்காரியிடம் போவதைவிட அது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. எழுதினதை அழித்துவிட்டால் சொன்னதும் அழிந்துவிடும் என்பது போல ஒரு நினைப்பு. பஸ்ஸில் காற்று அடித்தது. சோளக்காடுகளும் முருங்கைத் தோப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகத் திரும்பிப் படுத்தன. பின்னால் கோட்டைப் பாறை சின்னதாகிக்கொண்டே வந்து, தலையணை அளவுக்கு ஆகி, காணாமல் போனது.

அந்தப் பெண் வேப்பமர நிழலில் உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"பாட்டி, இங்க எங்க வந்தீங்க?"

"அன்னைக்கு ஒரு பதிலத் தப்பாச் சொல்லிட்டேன். அத அழிச்சிட்டு வேற போடு."

"எது?"

"யாரும் இல்லைன்னு சொன்னேன்ல, அது."

"அன்னைக்கே அனுப்பியாச்சே பாட்டி. இனிமே கை வைக்க முடியாது." என் முகத்தைப் பார்த்து, "எத்தனையோ ஆயிரம் பேர் சொல்றதுல ஒண்ணுதான. நாட்டுக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது," என்றாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால பள்ளத்துலயும் போய்க் கேட்டியா?"

"கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது பாட்டி."

"நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு."

"அதுவும் கூடாது."

"நல்லாத்தான் வளத்திருக்கா ஒங்காத்தா," என்றேன். அவள் தயிர்ச்சோற்றில் ஒரு பங்கை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாங்கிச் சாப்பிட்டேன். வாங்கிக்கொள்ள என்னை நானே பழக்கிக்கொண்டது அப்படித்தான்.

அடுத்த முறை தண்ணீர் வந்த பிற்பகலில் நான் படுக்கவில்லை. சுவரோரம் நின்றேன். சுண்ணாம்பு கையில் சூடாக ஒட்டியது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏத்தா," என்றேன். கேட்கவில்லை. "ஏத்தா, ஓஸப் போடு."

வாயைவிட்டு வந்தபோது அது ஏவுகிற மாதிரி இருந்தது. எனக்கே நன்றாக இல்லை. மறுபடியும் சொன்னேன். "எனக்குத் தண்ணி வேணும்."

மோட்டார் நின்றது.

"யாரு பேசுறது?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? மேட்டுல இருக்கவுகளுக்கு யாரும் இல்லைன்னுல்ல கேள்விப்பட்டேன்."

"இருக்குறவகிட்டதான் கேக்குறேன். போடுத்தா."

காக்கை ஒன்று வந்து சுவர்மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பறந்தது.

"டிரம்மக் கழுவி வச்சிருக்கீகளா?"

"ரெண்டு மொறை கழுவிட்டேன்."

ஹோஸ் வந்து விழுந்தது. மோட்டார் மறுபடி ஓட, நுனியில் தண்ணீர் துப்பித் துப்பி வந்து, பிறகு ஒரே சீராக இறங்கியது. நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் தண்ணீர் ஓடுவது உள்ளங்கையில் துடித்தது.

"அன்னைக்குப் பாலு பொங்கிருச்சா?" என்று கேட்டேன்.

"அடுப்புல பாலே இல்ல அக்கா."

அவள் மறுபடி படியேறி வர ஆரம்பித்தாள். பழைய கேலியெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் இப்போது அவள் கேட்கிறாள். மோட்டாரை நிறுத்திவிட்டு, "அக்கா, போடவா?" என்று குரல் வரும். "போடு" என்று நான் பதில் சொன்ன பிறகே ஹோஸ் வரும். அதில் குத்தல் இல்லை; என்மேல் உள்ள மரியாதைதான். அந்த மரியாதையை நான்தான் கேட்டு வாங்கினேன். நாட்டில் எதெது கூடுகிறது குறைகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு தெருவுக்கு நடுவில் ஏதோ ஒன்று இந்த ஒரு கேள்வி அளவுக்குக் குறைந்துவிட்டது. அது குறையாமல் இருந்தபோது அதற்குப் பெயர்கூட இருந்ததில்லை.

போன வாரம் ஒரு பிற்பகல். நல்ல வெயில். தரையில் காதை வைத்துப் படுத்தவள் தூங்கிப் போனேன். கனவில் பஞ்சு மிதந்தது, கூடவே எங்கோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கண் விழித்துப் பின்பக்கம் போனபோது டிரம் விளிம்பு வரைக்கும் நிரம்பி, மேலே வானம் அசைந்துகொண்டிருந்தது. ஹோஸைச் சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் கேட்டு, தூக்கத்திலேயே நான் "போடு" என்றேனா, இல்லை அவள் கேட்கவே இல்லையா, தெரியவில்லை. சாயங்காலம் அவள் பூண்டு முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.