தொய்ந்த வலை

ராயபுரத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாசகசாலை தொடங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. இடம், அரிசி மண்டிக்கு மேலே ஒரு நீள அறை. கூரைக்கடியில் மூன்று காற்றுத் துவாரங்கள், மூன்றிலும் புறா. பத்திரிகையை விரித்தால் தலையங்கத்தின் மேலேயே எச்சம் விழும். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சொற்பொழிவாளர் தலையில் விழுந்து வைத்தால்?

பத்திரிகை படிக்கச் சொல்லிக் கேட்பதற்காகக் காசிமேட்டிலிருந்து வரும் மீன்காரர் ஒருவர், துவாரங்களை அடைக்கப் பழைய வலை கொடுத்தார்.

"இத்த வெறப்பா இஸ்துக் கட்டணும் நைனா. தொய்வா வுட்டா மாட்டிக்கும். புடிக்கத்தானே வலையே கீது?"

"நான் இன்னா மீனா புடிக்கப் போறேன்?" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஏணி கொடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர், மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர். அவருடைய சாம்பல் நிறப் பெட்டைப் புறா, எங்கள் துவாரத்துப் புறா ஒன்றோடு ஜோடி சேர்ந்து அங்கேயே கிடந்தது.

"கட்டு, கட்டு. அப்பவாவது அந்தக் கய்தை என் வூட்டுக்கு வருதா பாக்கலாம். ஞாயித்துக்கெயமை அத்த எண்ணூர்ல கொண்டுபோய் வுடறேன், மொத தபா. திரும்பலேன்னா தோஸ்துங்கல்லாம் என்னிய ஓட்டியே சாவடிப்பானுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தன் புறாவைப் பிடித்துக்கொண்டு போனதும் மற்றவற்றை விரட்டிவிட்டுக் கட்டினேன். இரண்டு துவாரங்களுக்கு விறைப்பாகவே கட்டினேன். மூன்றாவதற்கு வரும்போது நோட்டீசு ஒட்டப் போகிற அவசரம். நாலு ஆணிக்குப் பதில் இரண்டு. வலை உள்பக்கமாக வயிறு தள்ளித் தொங்கியது. புறா வராவிட்டால் சரிதானே என்று இறங்கிவிட்டேன்.

விழாவில் யார் தலையிலும் எதுவும் விழவில்லை. எல்லோரும் போன பிறகு பெஞ்சுகளை ஒதுக்கும்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது வலையில் இறக்கை விரிந்தபடி ஒன்று தொங்கியது. அது அடித்துக்கொண்ட சத்தம் எங்கள் கைதட்டலில் கேட்டிருக்காது. ஏறிப் பார்த்தேன். சாம்பல் நிறம், காலில் அண்ணன் போட்ட செப்பு வளையம். உயிர் இல்லை; உடம்பில் சூடு மட்டும் ஆறவில்லை. எண்ணூரிலிருந்து அவ்வளவு தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறது.

வலையை அறுத்து எடுத்து, மேல்துண்டில் சுற்றி, கடற்கரை மணலில் புதைத்தேன்.

திரும்பியபோது அண்ணன் மாடியில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "உன்து சின்ன வயசுக் கண்ணு. மேல வா, எதுனா தெரியுதா பாரு," என்றார்.

சொல்லிவிடத்தான் ஏறினேன். அவர் வடக்கே விரலை நீட்டினார். வெளிச்சம் போகிற வரைக்கும் நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் தெரியலண்ணே," என்றேன்.