உயிரோடு இருந்தவருக்கு நான் கொடுத்த இறப்புச் சான்றிதழ்

ஓட்டு வாங்கி வருகிறவர்களுக்கு மாலை போடுவார்கள். உத்தரவு வாங்கி வருகிற என்னைப் போன்றவர்களுக்கு மனுதான் கொடுப்பார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பேரூராட்சிக்குச் செயல் அலுவலராகப் போன முதல் நாளே என் மேசையில் பதினோரு மனு. தெருவிளக்கு எரியாவிட்டாலும் நான், நாய் கடித்தாலும் நான், குழாயில் வெறும் காற்று வந்தாலும் நான். போதாததற்குப் பிறப்பு, இறப்புப் பதிவாளரும் நானே. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வரிப் பிரிவில் வருஷக்கணக்கில் தேய்ந்து, பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் கையெழுத்துப் போட்ட தாளில் தப்பு இருக்காது என்று வீட்டில்கூடப் பீற்றிக்கொள்வேன்.

அந்தக் கர்வத்தை இட்லிக் கடை நடத்துகிற ஓர் அம்மா இறக்கிவைத்தார். புதுவாயலில் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் காலையில் நாஷ்டா விற்பவர். வீடு எங்கள் எல்லையில். இரண்டு மாதம் முன்பு அவருடைய கணவர் வீட்டிலேயே இறந்துபோனார். பதிவு செய்து சான்றிதழும் கொடுத்திருந்தோம். அன்று அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மேடம், ரேஷன் கடையில கை வெச்சா மெஷின் எடுக்கல. நீ செத்துட்டியேம்மான்றான். தாலுக்கா ஆபீசுல விதவைப் பென்ஷன் கேட்டா, செத்தவங்களுக்கு எப்படிம்மா குடுக்குறதுன்றான். இன்னான்னு பாருங்க."

பார்த்தேன். இறந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இந்த அம்மாவின் பெயர். பாலினம், பெண். அதற்குக் கீழே, கணவர் என்ற இடத்தில் போய்ச்சேர்ந்த மனிதரின் பெயர்.

நடந்தது இதுதான். அந்த அம்மா இரண்டு பேருடைய ஆதார் நகலையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்திருக்கிறார். மேலே இருந்தது அவருடையது. கணினி இயக்குபவர் மேலே இருந்ததைப் பார்த்து அடித்துவிட்டார். அவரைக் கூப்பிட்டு நாலு பேர் கேட்கக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒப்புதல் கொடுத்தது யார்? அன்றைக்கு ஆய்வுக் கூட்டம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, வரிசையாக இருந்த பதிவுகளுக்கெல்லாம் ஒரே மூச்சில் பட்டனை அழுத்தியிருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா," என்றேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் நான் அதைச் சொன்னது அன்றுதான்.

"எனக்கும் படிக்கத் தெரியாதே மேடம். குடுத்தீங்க, வாங்கினு போயி பெட்டியில வெச்சுட்டேன்," என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற வேலையை ஓரம் கட்டிவிட்டுத் திருத்தத்துக்கு உட்கார்ந்தேன். இரண்டு சாட்சி வேண்டும். அவர் கடையில் சாப்பிடும் இரண்டு தொழிலாளர்கள் யூனிஃபார்மோடு வந்தார்கள். இவங்க உயிரோட இருக்குறது உங்களுக்குத் தெரியுமா என்று விதிப்படி கேட்டேன். "காத்தால இவங்க ஊத்துன சாம்பார்தான் மேடம் இன்னும் வயித்துல கீது," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார்.

அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும், "அந்தப் பழசுல இன்னா எழுதிக்கீதுன்னு ஒருதபா படிச்சுக் காட்டுங்க மேடம்," என்றார்.

படித்தேன். இன்ன தேதியில் இவர் இறந்தார், கணவர் பெயர் இது. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவருக்கு முன்னால பூவோட பொட்டோட போயிடணும்னுதான் தெனமும் வேண்டிக்கினு இருந்தேன். சாமி கேக்கல. உங்க ஆபீசுல நடந்துக்கீது பாருங்க."

எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. என் அம்மா செவ்வாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதையே சொல்லும்போதெல்லாம் எரிந்து விழுவேன். அன்றைக்கு எரிச்சல் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சிவப்புப் பேனாவைத் தேடுவதுபோல இழுப்பறைக்குள் குனிந்தேன்.

தப்பாகப் போன சான்றிதழைத் திரும்ப வாங்கி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை சிவப்புக் கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கோப்பில் வைக்கவேண்டும். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. பேனா மூடியைத் திறந்தேன். அந்த அம்மா தாளின் கீழ்ப்பாதியில் கையை வைத்துக்கொண்டார்.

"கோடு போடணும்னா என் பேர் மேல போட்டுக்கோங்க மேடம். அவரு பேர் மேல வோணாம். இந்த ஒரு பேப்பர்லதான் அவரு உசுரோட கீறாரு."

மேல் மூலையில் பேனாவை வைத்தேன். அந்த அம்மாவின் பெயர்மேல் கோட்டை இழுத்தேன். அடுத்த வரியில் கணவர் பெயர். அதைத் தொடாமல் நிறுத்திவிட்டேன்.