அப்பா மிச்சம் பிடித்த வரி

எங்கள் கொரட்டூர் வீட்டில் பட்ஜெட் உரையை முழுதாகக் கேட்கிற ஒரே ஆள், அப்பாவின் அண்ணனான பெரியப்பாதான். திட்டுவதற்காகவே கேட்பார். வண்டிக்கு வரி, வீட்டுக்கு வரி என்று ஒவ்வொன்றுக்கும் டிவியோடு வாதாடுவார். "இந்தக் கைல குட்த்துட்டு அந்தக் கைல புடுங்கிக்கிறானுங்க" என்பார். அப்பா சுவரில் சாய்ந்தபடி தலையாட்டுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கூட்டத்தையே வேலை வாங்குகிற மனிதர், அண்ணன் எதிரில் பெட்டிப்பாம்பு.

அந்த வருஷம், பெண்கள் பெயரில் சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணம் குறையும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனைக்கு அப்பா முன்பணம் கொடுத்திருந்த சமயம். அதுவரை வாயே திறக்காதவர், அம்மா பக்கம் கைகாட்டி, "அவ பேர்லயே எழுதிடலாம்னு கீறேன்ணா" என்றார்.

"இன்னாடா இது, பொம்பள பேர்ல மனையா? நாளைக்கு உனுக்கு இன்னா மரியாத கீது?"

"வரி மிச்சம்ணா. கவர்மெண்டே சொல்லுது."

வரி என்றதும் பெரியப்பா அடங்கிவிட்டார். அரசாங்கத்துக்குப் போகாத ஒவ்வொரு ரூபாயும் அவருக்குச் சொந்த வெற்றி. எனக்குத்தான் அப்பா மேல் கோபம். அதற்கு முன் வந்த பொங்கலன்று ஏதோ தகராறில் பெரியப்பா அம்மாவைப் பார்த்து, "இது எங்கப்பன் ஊடு. புடிக்கலன்னா கெளம்பு" என்றார். அப்பா அப்போதும் சுவரில் சாய்ந்துதான் இருந்தார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அன்றைக்கு வராத பேச்சு, காசு என்றதும் வருகிறதே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பதிவுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பத்திரம் எழுதுகிறவர் மனையின் மதிப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், அந்தச் சலுகை சின்ன மனைக்குத்தான். உங்களுது வரம்பத் தாண்டுது. யார் பேர்ல போட்டாலும் ஒரே கட்டணம். உங்க பேர்லயே போட்டுடவா?"

"தெரியும் சார்" என்றார் அப்பா. "அவங்க பேர்லயே போடுங்க."

அம்மாவை அப்பா 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். வரும் வழியில் அப்பா மைசூர்பாகு வாங்கினார்.

"எவ்ளோடா மிஞ்சிச்சி?" என்று பெரியப்பா கேட்டார்.

"நல்லாவே மிஞ்சிச்சிணா. அதுலதான் இத்த வாங்கினு வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு பெரிய துண்டைத் திணித்தாள். நான் மென்று விழுங்குவதற்குள் பெரியப்பா, அரசாங்கத்தை ஏமாற்றிய பூரிப்பில் இரண்டாவது துண்டுக்குப் போயிருந்தார்.

ஒரு பைசாகூட மிஞ்சாததற்கு எதற்கு இனிப்பு என்பதுதான் அன்று என் கவலை. இனி யாரும் அம்மாவைக் 'கெளம்பு' என்று சொன்னால், போவதற்கு அவளுக்குச் சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு இனிப்பு தின்றுவிட்டு அம்மா எப்படி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.